ஆனைமலையைத் துளிர்க்கச் செய்தவர்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் சோமனூர் உள்ளிட்ட கொங்கு மண்டல ஊர்களில் மரக்கன்று நடும் விழாக்களுக்குக் குறைவிருப்பதில்லை. நட்ட கன்றுகளில் எத்தனை மரமாயின என்கிற கணக்கைத்தான் யாரும் கேட்பதில்லை. ஒரு நூற்றாண்டுக்கு முன்பு, இதே கோவை மாவட்டத்தில், வெட்டி அழிக்கப்பட்ட காட்டை மீட்கப் பாடுபட்ட வன அலுவலர் ஹியூகோ வுட்டின் வாழ்க்கை இந்த வேளையில் நினைவுகூரத்தக்கது.

தேக்கு ஆனைமலையின் மண்ணுக்குரிய மரம். 19-ஆம் நூற்றாண்டில் அது பம்பாயின் கப்பல் கட்டும் துறைக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டது. 1860-களில் போத்தனூர் வழியாக மேற்குக் கடற்கரை வரை ரயில் ஓடத் தொடங்கியதும், தண்டவாளக் கட்டைகளுக்கும் எரிபொருளுக்கும் மரத்தேவை மேலும் பெருகியது. மலைமேலிருந்து மரங்கள் சரிவில் உருட்டிவிடப்பட்ட இடமே டாப்சிலிப் என்று பெயர் பெற்றது. வெட்டிய வேகத்துக்கு ஈடாகக் காடு வளரவில்லை. சரிவுகள் வெறுமையாயின.

இந்த நிலையில்தான் 1915-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆனைமலைக் காடுகளின் பொறுப்புக்கு வந்தார் வுட். காட்டை அடியோடு வெட்டும் முறைக்கு மாற்றாக, அடிக்கட்டையை வேரோடு விட்டுவைத்து, அதிலிருந்து மறுதுளிர் எழச்செய்யும் முறையை அவர் கையாண்டார். தேக்கின் அடிக்கட்டை எளிதில் துளிர்க்கும். மண்ணில் ஏற்கெனவே ஊன்றிய வேர் ஊட்டம் அளிப்பதால், அந்தத் துளிர் புதிய நாற்றைவிட விரைவாக உயரும். மரத்தின் பயனைப் பெறலாம். அதன் உயிரைப் பறிக்கக் கூடாது என்பதே இதன் உட்பொருள்.

காட்டுக்குள் நடந்து செல்லும்போது சட்டைப்பை நிறையத் தேக்கு விதைகளை எடுத்துச் செல்வார் என்றும், கைத்தடியால் நிலத்தில் குழியிட்டு விதைகளைப் போட்டுக்கொண்டே போவார் என்றும் அவரைப் பற்றிக் கூறப்படுகிறது. எனினும், தனியொருவரின் கைத்தடி மட்டுமே காட்டை உருவாக்கிவிடவில்லை. காடர், மலசர் முதலிய பழங்குடியினரின் உழைப்பும், பழக்கப்பட்ட யானைகளின் வலிமையும் இன்றி ஆனைமலையில் வனப்பணி நடந்ததில்லை. வுட்டின் பெயர் நிலைத்த அளவுக்கு அந்த எளியோரின் பெயர்கள் நிலைக்கவில்லை என்பது வருந்தத்தக்கது.

அவர் பணியாற்றியது, காட்டை முதன்மையாக மர வருவாயாகக் கண்ட ஓர் அரசின் கீழ் என்பதையும் மறந்துவிடலாகாது. தேக்கு மட்டுமே நிறைந்த தோப்பு, பல்வகை மரங்களும் கொடிகளும் செறிந்த இயற்கைக் காட்டுக்கு ஈடாகாது. ஆயினும், அடுத்த தலைமுறைக்கு மரம் எஞ்ச வேண்டும் என்று திட்டமிட்டுச் செயல்பட்ட வகையில் அவர் தம் காலத்தவர் பலரை விஞ்சி நின்றார்.

1933 டிசம்பர் 12-ஆம் நாள் வுட் மறைந்தார். தாம் வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே தம்மை அடக்கம் செய்ய வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாறே டாப்சிலிப்பை அடுத்த மவுண்ட் ஸ்டூவர்ட்டில் அவர் அடக்கம் செய்யப்பட்டார். ஆனைமலைக் காடுகள் இன்று புலிகள் காப்பகமாகப் பாதுகாக்கப்படுகின்றன.

வுட்டைப் பின்பற்றுவது என்பது சமவெளியெங்கும் தேக்கு நடுவதன்று. மழை குறைந்த கொங்குச் சமவெளிக்கு வேம்பு, புங்கன், வெள்வேல், பனை, ஆல், அரசு ஆகியவையே உரியவை. வெட்டப்பட்ட வேம்பும் புங்கனும்கூட அடிக்கட்டையிலிருந்து மீண்டும் துளிர்க்கும். இயந்திரத்தைக் கொண்டு வேரைப் பெயர்த்துவிட்டு அதே இடத்தில் புதிய கன்று நடுவதைவிட, எழும் துளிருக்கு வேலியிட்டுக் காப்பது எளிது, செலவும் குறைவு.

நட்ட நாளில் எடுத்த புகைப்படம் நிழல் தராது. மூன்று கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் உண்டா, ஆடுமாடுகள் மேயாமல் காக்க வழி உண்டா என்பவற்றை உறுதிசெய்த பிறகே குழி தோண்ட வேண்டும். விழா மேடையில் அறிவிக்க வேண்டிய எண்ணிக்கை, இன்று நட்ட கன்றுகளுடையது அன்று. சென்ற ஆண்டு நட்டு, இன்று உயிரோடு நிற்பவற்றினுடையது.