புத்தகக் கடை மேரி

இலண்டன் ஸ்கின்னர் தெருவின் 41ஆம் எண் வீட்டில் சிறுவர் நூல்கள் விற்கும் கடை ஒன்று இருந்தது. அதன் மாடியில் வளர்ந்தவர் மேரி. தந்தை, சிந்தனையாளர் வில்லியம் காட்வின்; தாய், பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட். 1797இல் மகளை ஈன்ற சில நாள்களிலேயே தாய் மறைந்தார்.

கடனில் தத்தளித்த அக்கடைக்குக் கைகொடுக்க வந்தவர் கவிஞர் ஷெல்லி. 'சர்' பட்டக் குடும்பத்தின் வாரிசு. நாத்திகச் சிறுநூலுக்காக 1811இல் ஆக்ஸ்போர்டிலிருந்து நீக்கப்பட்டவர். மனைவியும் குழந்தையும் உடையவர். மேரியின் தாய் துயின்ற கல்லறையருகே காதல் வளர்ந்தது. 1814 ஜூலை 28 விடியலில் உடன்போக்கு நிகழ்ந்தபோது மேரிக்கு வயது 16. திருமண முறையையே கண்டித்து எழுதிய காட்வின் மகளுக்குக் கதவடைத்தார். ஷெல்லியின் பணத்தை மட்டும் அவர் மறுக்கவில்லை!

இக்காதலுக்குப் பெருவிலை கொடுத்தவர் ஷெல்லியின் மனைவி ஹேரியட். 1816 டிசம்பர் 10இல் அவருடைய உடல் நீரிலிருந்து மீட்கப்பட்டது. அதே மாதம் 30இல் மேரியின் திருமணம் நடந்தது. காதலைப் போற்றுவோர் பலர் இவ்விரு தேதிகளையும் சேர்த்துப் பார்ப்பதில்லை.

1818இல் மேரியின் 'ஃபிராங்கன்ஸ்டைன்' ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. குழந்தைகள் மூவரைப் பறிகொடுத்தவர், 1822இல் இத்தாலிக் கடலுக்குக் கணவரையும் பறிகொடுத்தார். எஞ்சிய மகனை வளர்க்க மாமனார் உதவித்தொகை அளித்தார். ஷெல்லியின் வரலாற்றை எழுதலாகாது என்பது நிபந்தனை. மேரி வரலாறு எழுதவில்லை. 1839இல் கணவரின் கவிதைகளைப் பதிப்பித்துக் குறிப்புகள் வரைந்தார்; வாழ்க்கை அக்குறிப்புகளுக்குள் புகுந்துகொண்டது.

1851இல் மறைந்த மேரியைப் போர்ன்மத்தில் அடக்கம் செய்தனர். காதல் வளர்ந்த அப்பழைய கல்லறையிலிருந்து பெற்றோரின் எச்சங்களும் அங்கே கொண்டுவரப்பட்டன.