தலைகளை அளந்த பெண்மணி: ஆலிஸ் லீ

ஒரு பெண்ணால் உயர்கணிதம் கற்க முடியுமா? இன்று யாராவது இப்படிக் கேட்டால் நமது வகுப்பறையே சிரித்துவிடும். ஆனால் 19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பெயர்பெற்ற அறிஞர்கள் பலர், பெண்ணின் மூளை சிறியது, ஆகவே அவளது அறிவும் குறைவு என்று உறுதியாக நம்பினார்கள். அந்த நம்பிக்கையை அவர்களுடைய அளவுகோலைக் கொண்டே அசைத்துக் காட்டியவர்தான் ஆலிஸ் லீ.

இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியிலுள்ள டெடம் என்னும் ஊரில் 1858இல் பிறந்தார். பெண்களுக்கென 1849இல் தொடங்கப்பட்ட லண்டன் பெட்ஃபோர்ட் கல்லூரியில் 1876இல் சேர்ந்தார். அப்போது லண்டன் பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கவில்லை. 1878இல்தான் அந்தக் கதவு திறந்தது. ஆலிஸ் 1884இல் விஞ்ஞானப் பட்டமும் அடுத்த ஆண்டு கலைப் பட்டமும் பெற்று, தாம் கற்ற கல்லூரியிலேயே கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். பின்னர் புள்ளிவிபரவியல் அறிஞர் கார்ல் பியர்சனின் விரிவுரைகளைக் கேட்டு, அவருடைய ஆய்வுகூடத்தில் கணக்கிடும் பணியில் இணைந்தார்.

அக்காலத்தில் மண்டையோட்டின் உட்கனவளவை எப்படி அளந்தார்கள்? மண்டையோட்டைத் தலைகீழாகப் பிடித்து, முண்ணாண் கீழிறங்கும் பெரிய துளை வழியே தானியத்தை நிரப்புவார்கள். பின்னர் அதை அளவுச் சாடியில் கொட்டிக் கனவளவை வாசிப்பார்கள். ஜேர்மனியில் டீடமான் தினையைப் பயன்படுத்தினார். அமெரிக்காவில் மோர்ட்டன் வெண்கடுகைப் பயன்படுத்தினார். கடுகு இலேசானது, மணிக்கு மணி பருமனும் மாறும். குலுக்கி அழுத்தினால் இன்னும் சிறிது உள்ளே போகும். ஆகவே ஒரே மண்டையோடு இரண்டு தடவை இரண்டு விடை தந்தது. இதனால் மோர்ட்டன் பின்னர் ஈயக் குண்டுகளுக்கு மாறினார்.

ஆனால் உயிரோடு இருப்பவரின் தலைக்குள் எதை நிரப்புவது? ஒருவருடைய அறிவையும் தலையின் கொள்ளளவையும் ஒப்பிட வேண்டுமானால் அவர் யாரென்று தெரிய வேண்டுமே! இந்தச் சிக்கலைத் தீர்ப்பதையே ஆலிஸ் தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக எடுத்துக்கொண்டார். உட்கனவளவு ஏற்கெனவே அளக்கப்பட்ட மண்டையோடுகளின் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றை எடுத்து, வெளி அளவுகளுக்கும் உட்கனவளவுக்கும் இடையிலுள்ள தொடர்பைச் சமன்பாடாக்கினார். உயிருள்ளவரின் தலையை வெளியே அளந்து, தோலின் தடிப்புக்காக ஒவ்வோர் அளவிலும் 11 மில்லிமீற்றரைக் கழித்துவிட்டால் உட்கனவளவை மதிப்பிடலாம். ஆணுக்கு ஒரு சமன்பாடு, பெண்ணுக்கு இன்னொன்று.

1898இல் டப்ளின் நகரில் உடற்கூற்றியலாளர்களின் கூட்டம் நடைபெற்றது. அங்கு வந்திருந்த 35 அறிஞர்களின் தலைகள் அளக்கப்பட்டன. பல்கலைக்கழக ஆசிரியர்களையும் சேர்த்து 60 ஆண்கள், அவர்களோடு பெட்ஃபோர்ட் கல்லூரிப் பெண்கள் 30 பேர். ஆலிஸ் அளவுகளைப் பட்டியலாக்கினார். உலகறிந்த உடற்கூற்றியலாளர் கொல்மான், அறிஞர்களின் வரிசையில் கடைசியில் நின்றார்! கொள்ளளவின் வரிசைக்கும் அறிவுக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு எதுவும் இல்லை என்பது ஆலிஸின் முடிவு.

அந்த முடிவு எல்லோருக்கும் இனிக்கவில்லை. அவருடைய ஆய்வேட்டைப் பரிசோதித்தவர்களுள் ஒருவரான சேர் வில்லியம் டர்னர், அதே பட்டியலின் கீழ்ப்பகுதியில் இடம்பெற்றவர். பரிசோதகர்கள் திருப்தியடையவில்லை, பட்டம் இழுபட்டது. பியர்சன் தலையிட்டு மாணவியின் பக்கம் நின்றார். 1901இல் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. அதே ஆண்டில் ஆய்வும் றோயல் சொசைட்டியின் சஞ்சிகையில் வெளிவந்தது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் பணியாற்றிய ஆய்வுகூடமே மனிதரைப் பிறப்பால் தரம் பிரிக்க முனைந்த இனமேம்பாட்டுக் கொள்கையின் முக்கிய நிலையமாக இருந்தது. பிழையான கருத்துகள் நிறைந்த அந்த இடத்திலிருந்தும் ஒரு நேர்மையான கணக்கு வெளிவந்தது என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

ஆலிஸின் முதுமை வசதியானதாக அமையவில்லை. இத்தனை ஆண்டுகள் உழைத்தும் கல்லூரி ஓய்வூதியத்துக்கு அவருக்கு உரித்து இருக்கவில்லை. பியர்சனும் வேறு சிலரும் அரசிடம் வேண்டிக்கொண்டதன் பேரில், 1923இல் ஆண்டுக்கு 70 பவுண் உதவித்தொகை கிடைத்தது. 1939இல் அவர் காலமானார்.

டீடமானின் தினையிலோ மோர்ட்டனின் ஈயக் குண்டிலோ குற்றமில்லை. கனவளவைக் கேட்டால் அவை கனவளவைத்தான் சொல்லும். அந்த எண்ணை அறிவின் அளவு என்று வாசித்தவர்களே தவறினார்கள். நம்மால் இது முடியாது என்று யாரேனும் ஓர் எண்ணைக் காட்டிச் சொன்னால், அந்த எண் எதை அளந்தது என்று கேட்கப் பழகுவோம். ஆலிஸ் லீ கேட்டதும் அதைத்தான்.