ஆழிக்குள் காற்றைச் சுமந்தவர்

பிரான்சின் போர்தோ நகருக்கு அண்மையிலுள்ள சிற்றூரில் 1910ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் பிறந்தவர் ழாக் கூஸ்தோ. கடற்படை விமானியாக வேண்டும் என்பதே அவர்தம் வேட்கை. 1936இல் நேர்ந்த மோட்டார் விபத்து அவர் கைகளைச் சிதைத்து அக்கனவைக் கலைத்தது. வலுவிழந்த கரங்களைத் தேற்றிக்கொள்ள நீந்தியவர், தூலோன் கடலில் கண்ணாடி அணிந்து நீருள் நோக்கினார். வாழ்வின் திசை மாறிற்று.

மூச்சடக்கும் நேரம் அவருக்குப் போதவில்லை. தூய பிராணவாயுவைச் சுவாசித்து இறங்கி, வலிப்புக் கண்டு அரிதின் உயிர் பிழைத்தார்; ஆழத்தில் அதுவே நஞ்சாகும். அழுத்தப்பட்ட சாதாரணக் காற்று, சூழ்ந்த நீரின் அழுத்தத்திற்கு ஒப்ப, மூச்சிழுக்கும்போது மட்டும் வரவேண்டும். அதற்கான வழியைக் காட்டியவர் எமில் கான்யான் என்னும் பொறியாளர். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் மோட்டார் வண்டிகளை எரிவாயுவால் ஓட்ட அவர் அமைத்த வால்வே அது!

மார்ன் ஆற்றில் சோதித்தபோது, படுத்து நீந்துகையில் சீராக வந்த காற்று, நிமிர்ந்தால் பீறிட்டது, தலைகீழானால் தடைப்பட்டது. காற்று வரும் இடமும் மூச்சு வெளியேறும் துளையும் வெவ்வேறு உயரத்தில் இருந்ததே காரணம். இரண்டையும் அருகருகே அமைத்ததும் குறை தீர்ந்தது. 1943இல், அன்னியப் படைகள் நாட்டை ஆக்கிரமித்திருந்த வேளையில், மூன்று உருளைகளைச் சுமந்து மத்தியதரைக் கடலில் இறங்கினார். 1947இல் தோழர் மோரிஸ் ஃபார்க் 120 மீட்டர் ஆழத்தைத் தொட்டு உயிர்துறந்தார். காற்றிலுள்ள நைட்ரஜன் ஆழத்தில் அறிவை மயக்கும் என்பதற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

போருக்குப்பின் கழிக்கப்பட்ட இராணுவத் தளவாடங்கள் மலிவாகச் சந்தைக்கு வந்தன. பிரிட்டனில் விமானப்படையின் பிராணவாயு உருளைகளை முக்குளிப்போர் வாங்கி, தூய்மை செய்து, காற்று நிரப்பி முதுகில் கட்டினர். எஃகின் உட்புறம் துருவேறினால் உருளையே வெடிகுண்டாகும். ஆதலின் நீரழுத்தச் சோதனை இன்றியமையாததாயிற்று. கூஸ்தோவின் புகழ்பெற்ற கலிப்சோ கப்பலும் பிரிட்டிஷ் கடற்படை கழித்த கண்ணிவெடி அகற்றும் கலமே. 1950இல் அதனை வாங்கிய செல்வர், ஆண்டுக்கு ஒரு பிராங்க் வாடகையில் அவரிடம் ஒப்படைத்தார்.

1956இல் கான் விழாவில் தங்கப்பனை விருது பெற்ற அவரது திரைப்படத்தில், சுறாக்களைக் கொன்று குவித்ததும் வெடிவைத்து மீன்களைக் கணக்கிட்டதும் இன்று பார்ப்போர் மனத்தை உறுத்தும். அவரே 1960இல் கடலில் கதிரியக்கக் கழிவு கொட்டப்படுவதை எதிர்த்து முன்னின்றார்.

அவர் இஸ்லாத்தைத் தழுவினார் என்னும் செய்தி நம்மிடையே நெடுங்காலம் உலவியது. 1991இல் அவரது அமைப்பே அதனை மறுத்துவிட்டது. மேடைகளில் அதனை எடுத்தாளாதிருப்பதே முறை.

1996 ஜனவரியில் சிங்கப்பூர்த் துறைமுகத்தில் பாரப்படகு மோதிக் கலிப்சோ மூழ்கிற்று. கலத்தை மீட்டனர். கூஸ்தோ 1997 ஜூன் 25ஆம் நாள் பாரிசில் மறைந்தார். பிறந்த ஊரிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.