பல்லாவரத்துச் சரளைக் குழி

மாடம்பாக்கத்தில் எங்கள் தெருக்கோடியில் உள்ள காலி மனையை மேடாக்க, சென்ற மாதம் லாரி லாரியாகக் கிராவல் கொட்டினார்கள். மாலை நடையின்போது அத்தகைய செம்மண் குவியல்களைக் கிளறிப் பார்ப்பது என் வழக்கம். அப்பழக்கத்தை எனக்குத் தொற்றவைத்தவர், நூறாண்டுகளுக்கும் முன்னரே மறைந்துவிட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட்.

இங்கிருந்து அதிகத் தொலைவில் இல்லாத பல்லாவரத்தில், 1863 மே 30 அன்று, படைமுகாமின் அணிவகுப்புத் திடலை ஒட்டிய சரளைக் குழியொன்றில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதக் கை செதுக்கிய கைக்கோடரி. பழைய கற்காலக் கருவி என்று இந்தியாவில் இனங்காணப்பட்ட முதல் கல் அதுவே.

இங்கிலாந்தின் செல்ட்டனம் நகரில் 1834இல் பிறந்த ஃபூட்டுக்கு அப்போது வயது 28. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் 1858இல் சேர்ந்தவர். பாறை அடுக்குகளை வரைபடமாக்குவதே அவர் பணி. கற்கால மனிதனைத் தேடும்படி அவருக்கு எவரும் ஆணையிடவில்லை. பிரான்சின் சோம் ஆற்றுப் படிவுகளில் கிடைத்த கற்கருவிகளின் தொன்மையை ஆங்கிலேய அறிஞர்கள் ஏற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்தன. அச்செய்தியை மனத்தில் வைத்திருந்த கண்ணுக்குத்தான் பல்லாவரத்துக் கல் புலப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில், உடன் பணியாற்றிய வில்லியம் கிங்குடன் கொசஸ்தலையாற்றுப் பகுதியின் அத்திரம்பாக்கத்தை அடைந்தபோது, அங்கே கருவிகள் ஏராளமாகக் கிடைத்தன.

கல்லைப் பொறுக்கியதைவிட, அது எந்த ஊரில், எந்த அடுக்கில் கிடந்தது என்று எழுதிவைத்ததையே அவருடைய பெரும்பணியாக நான் கருதுகிறேன். செம்பொறைச் சரளையோடு படிந்து கிடக்கும் கருவியைச் செய்தவன், அந்தச் சரளை படிந்து முடிவதற்கு முன்பே வாழ்ந்திருக்க வேண்டும். இடக்குறிப்பு இல்லையேல் இந்த வாதமே இல்லை. கைக்கோடரியும் வெறும் அழகிய கல்லாகிவிடும். ஆனால், குழியை வெட்டிய கூலியாட்களின் பெயர்கள் நம்மை வந்தடையவில்லை. குறிப்பெடுப்பதில் அத்தனை கவனம் காட்டிய காலத்திலும் அந்த இடைவெளி இருக்கத்தான் செய்தது.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கிய பீட்டர் பெர்சிவல் இவருடைய மாமனார் என்பது பலர் அறியாத செய்தி. பெல்லாரிப் பகுதியின் சாம்பல் மேடுகள் மாட்டுச் சாணம் எரிந்து உண்டானவை என்று ஃபூட் கணித்தார். பிற்கால அகழாய்வுகள் அதை உறுதிசெய்தன. 1891இல் ஓய்வுபெற்ற பின்னும் பரோடா, மைசூர் சமஸ்தானங்களுக்காகப் பாறைகளை ஆராய்ந்தார். ஏற்காட்டில் குடியமர்ந்தவர், 1912 டிசம்பரில் கல்கத்தாவில் காலமானார்.

அவருடைய பெருந்தொகுப்பைச் சென்னை அரசு அருங்காட்சியகம் 1904இல் விலைக்கு வாங்கியது. அதற்கு அவர் எழுதிய விளக்கப் பட்டியலும் குறிப்புகளும் 1914, 1916 ஆண்டுகளில், அவர் மறைவுக்குப் பிறகே அச்சேறின. தாம் கண்டெடுத்த கருவிகளின் வயதை ஆண்டுக்கணக்கில் சொல்லும் வழி அவர் காலத்தில் இல்லை. சாந்தி பப்புவும் குழுவினரும் அத்திரம்பாக்கத்தில் 1999 முதல் அகழ்ந்து, அங்குள்ள தொன்மையான கருவிகளுக்கு ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகள் வயது என்று 2011இல் அறிவித்தார்கள். அவர்கள் தோண்டியது ஃபூட் குறித்துவைத்த ஊரில்தான்.

பல்லாவரத்துச் சரளை நிலத்தின்மீது இன்று நகரம் அமர்ந்திருக்கிறது. எஞ்சிய புறநகர்ச் செம்மண்ணும் மனைகளை நிரப்ப இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. சென்ற மாதக் குவியலில் ஓரம் சிதைந்த கல்லொன்று கிடைத்தது. தானாக உடைந்ததா, ஒருவர் உடைத்ததா என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் லாரி ஓட்டுநரிடம், மண் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். செங்கல்பட்டுப் பக்கம் என்றார். எந்த ஊர் என்றதற்கு, தினமும் ஓர் இடத்தில் அள்ளுவதாகச் சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார். அந்தக் கல் இப்போது என் மேசைமீது தாள்களுக்குப் பாரமாக இருக்கிறது.