மயிலாடி தந்த மாணிக்கம்

மலைபோல் வந்த துன்பம் பனிபோல் நீங்கும் என்று ஆறுதல் கூறுதல் எளிது. துன்பத்தின் நடுவில் நிற்பவனுக்கோ மலை மலையாகவே தோன்றும். அம்மலையின் அடிவாரத்தில் நின்றுகொண்டு, கடவுள் கைவிடார் என்று நம்பி, அந்நம்பிக்கையினால் ஓர் ஊரையே நிமிரச் செய்த பெருமகனார் ஒருவர் நம் முன்னோருள் உண்டு. அவரே மயிலாடி மகாராசன் வேதமாணிக்கம் அவர்கள். நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலரில் அவர்தம் வரலாற்றை நினைவுகூர்வது சாலப் பொருத்தமாகும். நம் இளைஞர்கள் பலர் பிற நாட்டுச் சான்றோர் பலரை அறிவர், இவரை அறியார்.

பிறந்த மண்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், நாகர்கோவிலுக்குக் கிழக்கே உள்ள சிற்றூர் மயிலாடி. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது திருவிதாங்கூர் சமஸ்தானத்திற்கு உட்பட்டிருந்தது. அவ்வூரில் சாம்பவர் குலத்தில், உழவுத்தொழில் செய்த குடும்பத்தில் மகாராசன் பிறந்தார். பெயரில் அரசன் இருந்தான். ஊரிலோ அவருக்குப் பொதுவழியில் நடக்கவும் உரிமை இல்லை. கூலியின்றி வேலை வாங்கும் ஊழியமுறை தாழ்த்தப்பட்ட மக்களை வாட்டியது. வரிச்சுமையும் அழுத்தியது. அடிமைமுறை சட்டப்படி நிலவிய காலம் அது. 1855ஆம் ஆண்டில்தான் திருவிதாங்கூர் அரசு அடிமை ஒழிப்பைப் பறைசாற்றியது. மகாராசன் பிறந்தது அதற்குப் பல்லாண்டுகள் முன்னர் என்பதை நெஞ்சிற் கொண்டால், அவர் ஏறிய ஏற்றம் எத்தகையது என்பது விளங்கும்.

தில்லைப் பயணம்

மகாராசன் இயல்பிலேயே இறைப்பற்று மிக்கவர். சிவபெருமானிடத்து ஆழ்ந்த அன்பு கொண்டவர். 1799ஆம் ஆண்டு, தம் மருமகனாகிய சிவகுருநாதனுடன் சிதம்பரத்திற்கு யாத்திரை புறப்பட்டார். அது நானூறு கிலோமீட்டருக்கும் மிகுதியான வழி. நந்தனார் ஏங்கி நின்ற அதே தில்லைக்கு, அவர் குலத்தில் வந்த மற்றோர் அன்பர் கால்கடுக்கச் சென்றார் எனலாம்.

தேடிச் சென்ற அமைதி அவருக்கு ஆங்குக் கிட்டவில்லை. கனத்த உள்ளத்தோடு திரும்பும் வழியில், தஞ்சையில் வாழ்ந்த உறவினர்களைக் காணச் சென்றார். அவர்கள் கிறிஸ்தவர்கள். சுவார்ட்சு ஐயர் 1798இல் காலமான பின், அவர்தம் மாணாக்கராகிய கோலாப் ஐயர் தஞ்சைத் திருச்சபையை நடத்தி வந்தார். ஆலயத்தில் கோலாப் ஐயரின் அருளுரையைக் கேட்ட மகாராசனின் உள்ளம் உருகிற்று. தம்மையும் பெயர் சொல்லி அழைக்கும் கடவுள் ஒருவர் உண்டு என்னும் எண்ணம் அவரை ஆட்கொண்டது. சிலகாலம் தங்கி வேதபாடம் கற்று ஞானஸ்நானம் பெற்றார். மகாராசன் வேதமாணிக்கமானார், சிவகுருநாதன் மாசிலாமணியானார்.

வீடு திரும்பியதும் வந்த சோதனை

மனமாற்றத்தோடு துன்பம் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோர் பலர். வேதமாணிக்கத்திற்கு அன்றுதான் துன்பம் தொடங்கிற்று. மயிலாடிக்குத் திரும்பித் தாம் கண்டதைச் சுற்றத்தாருக்கு எடுத்துரைத்தார். சிலர் ஏற்றனர், பலர் இகழ்ந்தனர். மேல்நிலையில் இருந்தோர் சினந்தனர். சமஸ்தானத்தில் முறையிட்டால் செவிசாய்ப்பார் இல்லை. அருகில் ஐயரும் இல்லை, ஆலயமும் இல்லை. அந்நிலையிலும் அவர் சிறு கூட்டமொன்றைச் சேர்த்து, நாள்தோறும் வேதம் வாசித்து, செபம் செய்து வந்தார்.

துன்பம் பொறுக்கவொண்ணாத நிலையை எட்டியபோது, அனைவரும் பிறந்த மண்ணை விட்டுத் தஞ்சைச் சீமைக்குக் குடிபெயர்வது என்று எண்ணினர். அதற்கான வழிதேடி வேதமாணிக்கம் மீண்டும் வடக்கே நடந்தார். குடிபெயர எண்ணியது விசுவாசக் குறைவோ எனச் சிலர் வினவலாம். அன்று. வெள்ளத்தில் அகப்பட்டவன் கடவுளையும் கூப்பிடுவான். கரையை நோக்கிக் கையையும் வீசுவான். இரண்டும் ஒரே நம்பிக்கையின் இரு செயல்கள்.

தரங்கம்பாடிச் சந்திப்பு

1804ஆம் ஆண்டு டிசம்பரில் இலண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியவர் ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர். அவர் அங்கே தமிழ் பயின்று வருங்காலத்தில் வேதமாணிக்கத்தின் வேண்டுகோள் அவர் செவிக்கு எட்டியது. தென்கோடியில் ஒரு கூட்டம் மேய்ப்பனின்றித் தவிக்கிறது என்று அறிந்தார். 1806 ஏப்ரலில் ஆரல்வாய்மொழிக் கணவாயைக் கடந்து மயிலாடியை அடைந்தார். ஊரை விட்டுப் போக வழிதேடியவருக்கு, ஊரிலேயே நிலைத்திருக்க வழி பிறந்தது.

எனினும் எல்லாம் உடனே இனிதாக முடியவில்லை. வந்த ஐயர் தம் வழக்குகளையும் வரித்தொல்லையையும் தீர்த்து வைப்பார் என மக்கள் எதிர்பார்த்தனர். அது கண்டு ரிங்கல்தௌபே வருந்தினார். இவர்களது பக்தி மெய்யானதா என்று ஐயுற்றார். அவர் ஐயம் ஒருபுறம் இருக்கட்டும். அடிபட்டவன் கடவுளிடம் முதலில் கேட்பது அடி நிற்க வேண்டும் என்பதே. எகிப்தில் செங்கல் அறுத்த இஸ்ரவேல் மக்களும் அவ்வாறே கூக்குரலிட்டனர். அக்கூக்குரலைக் கடவுள் குறைகூறவில்லை.

ஆலயம் கட்டச் சமஸ்தானத்தின் அனுமதி வேண்டினர். அது எளிதில் கிட்டவில்லை. இதற்கிடையே 1808ஆம் ஆண்டின் இறுதியில் திவான் வேலுத்தம்பி கும்பினி ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார். வெள்ளையரோடு உறவுடையோர் எனக் கருதப்பட்ட கிறிஸ்தவர்களுக்கு உயிராபத்து நேர்ந்தது. வேதமாணிக்கம் மலைப்பகுதியில் ஒளிந்து வாழ வேண்டியவரானார். பத்தாண்டு உழைப்பும் பாழாயிற்றோ என்று எண்ணத்தக்க நாட்கள் அவை. அந்நாட்களிலும் அவர் தம் விசுவாசத்தை விட்டாரல்லர்.

ஆலயமும் பள்ளியும்

1809ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஆரல்வாய்மொழிக் கோட்டை வீழ்ந்தது, கிளர்ச்சி அடங்கியது. ஆங்கில ரெசிடெண்ட் மெக்காலேயின் துணையால் அனுமதியும் கிடைத்தது. அவ்வாண்டிலேயே மயிலாடியில் ஆலயம் எழுந்தது. கத்தோலிக்க ஆலயங்கள் அப்பகுதியில் முன்னரே இருந்தன. சீர்திருத்தத் திருச்சபைக்கோ தென் திருவிதாங்கூரில் அதுவே முதல் ஆலயம்.

ஆலயத்தோடு பள்ளியும் தோன்றிற்று. நம் சங்கத்தார் ஊன்றி நோக்க வேண்டிய செய்தி இதுவே. 1809இல் மயிலாடியில் தொடங்கிய அக்கல்விப்பணி பின்னர் நாகர்கோவிலுக்கு மாற்றப்பட்டு வளர்ந்தது. இன்று ஸ்காட் கிறிஸ்தவக் கல்லூரியாய் விளங்குகிறது. தெருவில் நடக்கத் தடைசெய்யப்பட்ட ஒருவரின் ஊரில் ஊன்றிய விதை, எல்லாச் சமூகத்தாரும் கற்கும் கல்லூரியாயிற்று.

1816ஆம் ஆண்டு ரிங்கல்தௌபே உடல் நலிவுற்றுத் திருவிதாங்கூரை விட்டுப் புறப்பட்டார். பின்னர் அவர் என்ன ஆனார் என்பது தெளிவாகத் தெரியவில்லை. புறப்படுமுன் திருச்சபையின் பொறுப்பை அவர் ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடமே. 1818இல் மீட் ஐயர் வந்து சேரும்வரை, அயல்நாட்டார் எவரும் இல்லாத அவ்விடைக்காலத்தில், சபைகள் சிதறாமல் காத்தவர் அவரே. 1827ஆம் ஆண்டு அவர் இறைவனடி சேர்ந்தார். மயிலாடி ஆலயம் இன்றும் இருவர் பெயரையும் தாங்கி நிற்கிறது: ரிங்கல்தௌபே வேதமாணிக்கம் நினைவாலயம்.

நமக்குரிய பாடம்

மிஷனெரிமார் வந்து நம்மை எழுப்பினர் என்று சொல்லிக்கொள்கிறோம். மயிலாடி வரலாறு வேறொன்றைச் சொல்கிறது. முதலில் நடந்தவர் நம்மவர். கதவைத் தட்டியவர் நம்மவர். மிஷனெரியை அழைத்தவரும் நம்மவரே. இதை அறிவது, உதவியோரின் நன்றியை மறப்பதாகாது. நம் முன்னோரின் முதுகெலும்பை நினைவிற்கொள்வதாகும்.

மணலி இளைஞர்களே! நீங்கள் சுமப்பனவும் சிறியன அல்ல. ஆலைப்புகை சூழ்ந்த தெருக்களில் வாழ்கிறீர்கள். வாயிலுக்கு எதிரே தொழிற்சாலை இருந்தும், உள்ளே நிலையான வேலை இன்றி ஒப்பந்தக் கூலியாய் நிற்பவர் பலர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வெள்ளத்தோடு எண்ணெயும் புகுந்து வீடுகளைக் கறைப்படுத்திய கொடுமையை மறந்திருக்கமாட்டீர்கள். இத்தகைய வேளையில் கடவுளை நம்பு என்று கூறினால், வாளாவிருக்கச் சொல்வதாகச் சிலர் கொள்வர். வேதமாணிக்கம் வாளாவிருக்கவில்லை. அவர் செபித்தார், நடந்தார், விண்ணப்பித்தார், மறைந்து வாழ்ந்தார், திரும்பி வந்து ஆலயமும் பள்ளியும் எழக் கண்டார். தில்லைக்குச் சென்ற 1799 முதல் ஆலயம் எழுந்த 1809 வரை பத்தாண்டுகள் கடந்தன. அப்பத்தாண்டுகளில் அவருக்குக் கைப்பிடியாய் இருந்தது விசுவாசம் ஒன்றே.

நம்முள் கிறிஸ்தவரும் உளர். பிற நெறியினரும் உளர். நெறி எதுவாயினும் இவர் நம் அனைவர்க்கும் பாட்டனார். தேர்வில் தோற்றவனும், வேலை கிட்டாதவனும், பிள்ளையின் கல்விக் கட்டணத்துக்காகக் கலங்கும் தாயும் இவரை நினைத்துக்கொள்ளட்டும். ஆரல்வாய்மொழிக் கணவாய் ஒருநாளில் திறக்கவில்லை, ஆயினும் திறந்தது.