பல் வைத்தியர் டாகர்ட்

நம் செட்டிநாட்டுக் கோயில்களில் உலா வரும் செப்புத் திருமேனிகளைக் காணாதார் இலர். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருச் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகம் வார்ப்பது ஸ்தபதிகளின் தொன்முறையாம். அவ்வகை வார்ப்பைப் பல் வைத்தியத்திற் பரப்பிப் புகழெய்தியவர் வில்லியம் டாகர்ட் என்னும் அமெரிக்கர்.

1855-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் சிக்காகோ நகரில் வைத்தியம் புரிந்தார். அக்காலத்தில் சொத்தைப் பல்லின் குழியிற் பொற்றகட்டைச் சிறிது சிறிதாக வைத்துத் தட்டி அடைப்பர். நோயாளர் நெடுநேரம் வருந்துவர். டாகர்ட் குழிக்கேற்ப மெழுகில் அச்சுருச் செய்து, அதனைச் சுற்றிக் குழம்பிட்டு இறுகச் செய்து, மெழுகை எரித்துப் போக்கி, வாயுவின் அழுத்தத்தால் உருகிய பொன்னை உட்புகுத்தினார். 1907-இல் நியூயார்க்கில் வைத்தியர்முன் இதனை விளக்கினார். பேட்டெண்டு என்னும் தனியுரிமையும் பெற்று, அதனை மீறியோர்மீது வழக்குத் தொடுத்தார்.

எதிர்த்தோர் வாளா இருந்திலர். அயோவா மாகாணத்துப் பில்புரூக் என்பார் 1897-லேயே இவ்வாறு செய்து வெளியிட்டமையைக் காட்டினர். முடிவில் பேட்டெண்டு செல்லாதாயிற்று. டாகர்ட் 1933-இற் காலமானார்.

பில்புரூக் கூறியதை அன்று செவிமடுத்தார் மிகச் சிலரே. உலகிற் பரப்பியது டாகர்டின் உழைப்பே. ஆதலின் புகழ் அவர்க்கு உரித்து, தனியுரிமையோ உரித்தன்று. இக்காலத்து மெழுகேயன்றிப் பிளாஸ்டிக்கு வகைகளாலும் அச்சுருச் செய்கின்றனர். அவற்றிற்கு உரிமை வேண்டுவோரும், இது பிறர் முன்னரே அறிந்ததோ என்னும் வினாவைக் கடந்தே ஆதல் வேண்டும். முன்னோர் கண்டதைத் தேடிக் கற்ற பின்னரே, புதியது கண்டோம் என்று நாம் கூறுதல் தகும்.