தலை போனாலும் உயிர் வாழும் பூச்சி: விக்கிள்ஸ்வொர்த் கண்ட உண்மை

மூட்டைப்பூச்சியின் தூரத்து உறவு என்று சொல்லத்தக்க ஒரு பூச்சி தென் அமெரிக்காவில் உண்டு. ரோட்னியஸ் என்பது அதன் பெயர். ஓலைக் கூரையிலும் சுவர் வெடிப்பிலும் பதுங்கியிருந்து, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். சாகஸ் என்னும் நோயையும் பரப்பும். இந்தப் பூச்சியைப் பல பத்தாண்டுகள் விடாமல் ஆராய்ந்து, பூச்சி உடலியல் என்ற துறைக்கே அடித்தளமிட்டவர் இங்கிலாந்து விஞ்ஞானி சர் வின்சென்ட் விக்கிள்ஸ்வொர்த்.

1899 ஏப்ரல் 17ஆம் தேதி லங்காஷயர் வட்டாரத்தில் ஒரு மருத்துவரின் மகனாகப் பிறந்தார். முதல் உலகப் போரில் பீரங்கிப் படையுடன் பிரான்சுக்குப் போய்த் திரும்பினார். கேம்பிரிட்ஜில் படித்து, பிறகு லண்டனில் மருத்துவமும் முடித்தார். மருத்துவமனைக்குப் போகவேண்டியவரைப் பூச்சிகள் பக்கம் திருப்பியவர் பேட்ரிக் பக்ஸ்டன். நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்க வேண்டுமானால், முதலில் அவற்றின் உடல் எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டும் என்பது பக்ஸ்டனின் எண்ணம். 1926இல் லண்டன் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் விக்கிள்ஸ்வொர்த் விரிவுரையாளரானார்.

ரோட்னியஸ் குஞ்சு ஐந்து பருவங்களைக் கடந்தே முழுப் பூச்சியாகும். ஒவ்வொரு பருவத்திலும் ஒரே ஒரு முறை வயிறு முட்டக் குடிக்கும். சில நாள் கழித்துத் தோலுரிக்கும். சாப்பாட்டுக்கும் தோலுரிப்புக்கும் இடையே என்ன நடக்கிறது? இதை அறிய அவர் பூச்சியின் தலையை வெட்டி, கழுத்தை மெழுகால் அடைத்தார். கேட்கக் கொடுமையாக இருக்கலாம். ஆனால் பூச்சி மூச்சு விடுவது உடலின் பக்கவாட்டுத் துளைகளால். தலையில்லாமலும் அது பல மாதங்கள் உயிர் வாழ்ந்தது.

இரத்தம் குடித்த உடனே தலையை எடுத்தால் பூச்சி தோலுரிக்கவே இல்லை. ஐந்தாம் பருவத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் கழித்து எடுத்தால், தலையில்லாமலே உரித்தது! இவ்விரண்டையும் மெல்லிய குழாயால் இணைத்து இரத்தம் கலக்கச் செய்தபோது, உரிக்காத பூச்சியும் உரித்தது. அப்படியானால் கட்டளை நரம்பு வழியாக மட்டும் போகவில்லை. இரத்தத்தில் கலந்து ஓடுகிறது. அது ஹார்மோன். 1934இல் இதை அவர் வெளியிட்டார். அதன் ஊற்று மூளையில் உள்ள சில செல்கள் என்பதைப் பின்னர் காட்டினார்.

இன்னொரு புதிரும் அவிழ்ந்தது. மூளைக்குப் பின்னால் உள்ள சிறு சுரப்பி ஒன்று, பூச்சியைக் குஞ்சாகவே வைத்திருக்கும் இளமை ஹார்மோனைச் சுரக்கிறது. அது நின்றால்தான் சிறகு முளைக்கும். முதல் பருவக் குஞ்சை ஐந்தாம் பருவப் பூச்சியோடு இணைத்தார். பொடியன் அளவிலேயே முழுப் பூச்சி பிறந்தது. இளம் பூச்சியின் சுரப்பியை ஐந்தாம் பருவப் பூச்சிக்குள் வைத்தார். இயற்கையில் இல்லாத ஆறாம் பருவக் குஞ்சு, பூதாகரமாக வந்தது.

இன்று கொசுப்புழு ஒழிப்பில் பயன்படும் பைரிப்ராக்சிஃபென் இந்த இளமை ஹார்மோனைப் போலவே வேலை செய்யும் மருந்து. டிங்கி பரப்பும் ஏடிஸ் புழு அதில் பட்டால், கூட்டுப்புழுவாகி, கொசுவாகாமலே செத்துப்போகும்.

புழுவும் கூட்டுப்புழுவும் பட்டாம்பூச்சியும் ஒரே மரபணுக்களின் வெவ்வேறு வடிவங்களே. எது வெளிப்பட வேண்டும் என்பதை ஹார்மோன் முடிவு செய்கிறது என்பது அவர் வாதம். பரிணாமத்தில் பூச்சிக்கு இறகு எப்படி வந்தது என்ற கேள்வியும் அவரை விடவில்லை. எழுபது வயதுக்குப் பிறகும் அதைப் பற்றி எழுதினார்.

டிடிடி மருந்தை உலகமே கொண்டாடிய 1945இல், அது நன்மை செய்யும் பூச்சிகளையும் சேர்த்துக் கொன்று இயற்கையின் சமநிலையைக் குலைக்கும் என்று எச்சரித்துக் கட்டுரை எழுதினார். ரேச்சல் கார்சனின் புகழ்பெற்ற நூல் வெளிவந்தது 1962இல்தான். பூச்சியைக் கொல்லும் வழி தேடிய துறையில் இருந்துகொண்டே இதைச் சொன்னதுதான் பெரிது.

1939இல் வந்த அவருடைய பூச்சி உடலியல் நூல், பல பதிப்புகள் கண்டு, மாணவர் தலைமுறைகளுக்குப் பாடநூலானது. 1952 முதல் கேம்பிரிட்ஜில் பேராசிரியர். 1964இல் சர் பட்டம். 1966இல் ஓய்வு பெற்ற பிறகும் நுண்ணோக்கியை விட்டு அவர் எழவில்லை. எண்பது வயதைத் தாண்டியும் ஆய்வுக் கட்டுரைகள் வந்துகொண்டிருந்தன. 1994 பிப்ரவரியில், 94 வயதில் காலமானார்.